நான்கு ஆண்டுத் திட்டம் எழுதும் முன்: எந்தப் படிப்பை விடப்போகிறீர்கள்?

வாசகர் கேள்வி: வட்டார அளவிலான தொழிற்பயிற்சி நிறுவனம் ஒன்றின் துணை முதல்வர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. மூன்று வளாகங்கள், 14 படிப்புகள், ஆண்டுக்குச் சுமார் 900 பேர் சேர்க்கை. மூன்று ஆண்டுகளாகச் சேர்க்கை குறைந்துகொண்டே வருகிறது. நிதி தரும் அமைப்பு, அடுத்த நான்கு ஆண்டுகளுக்கான வியூகத் திட்டத்தை 16 வாரங்களுக்குள் கேட்டிருக்கிறது. நிர்வாகக் குழுவுக்கு ரோபாட்டிக்ஸ் படிப்பு தொடங்க ஆசை. முதல்வரோ ஆலோசனை நிறுவனத்தை வைத்து எழுதி வாங்கிவிடலாம் என்கிறார். பக்கத்து வட்டாரத்து நிறுவனம் இணைந்துவிடலாமா என்று தூது விட்டிருக்கிறது. இவர் 180 நிறுவனங்களுக்குக் கேள்வித்தாள் அனுப்ப, 31 பதில்கள் வந்தன. அவற்றில் 27 நிறுவனங்கள் 'பயிற்சி பெற்ற ஆள் தேவை' என்று எழுதியிருக்கின்றன. சேர்க்கை சரிந்த இரண்டு படிப்புகளை உடனே மூட முடியுமா, 85 சதவீத வேலைவாய்ப்பு என்று திட்டத்தின் முதல் பக்கத்தில் போடலாமா, கலங்கிப்போயிருக்கும் பயிற்றுநர்களிடம் எப்போது பேசுவது என்பவை இவருடைய கேள்விகள்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கடிதத்தோடு வரைவின் பொருளடக்கத்தையும் இணைத்திருந்தீர்கள். தொலைநோக்கு, விழுமியங்கள், அதன் பிறகு 23 இலக்குகள். அந்த 23 இலக்குகளில் ஒன்றுகூட எதையாவது நிறுத்துவதைப் பற்றிப் பேசவில்லை. கட்டடம் அதேதான், பயிற்றுநர்கள் அதே ஆட்கள்தான், நிதியும் கூடப்போவதில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்படியிருக்க, புதிதாக ஆறு வேலைகளைச் சேர்த்தால் அவற்றுக்கான நேரம் யாரிடமிருந்து வரும்? நிதி தரும் அமைப்பின் அதிகாரி முதலில் தேடப்போவது இதைத்தான். எனவே வரைவை ஓரமாக வைத்துவிட்டு, சேர்க்கைப் பதிவேட்டைக் கையில் எடுங்கள்.

படிப்புக்கு ஒரு வரி

14 படிப்புகளுக்கும் தலா ஒரு வரி போட்டு, மூன்று ஆண்டுக் கணக்கை எழுதுங்கள். விண்ணப்பித்தவர்கள், சேர்ந்தவர்கள், ஆறாவது வாரம் வகுப்பில் இருந்தவர்கள், படிப்பை முடித்தவர்கள், சான்றிதழ் பெற்றவர்கள், ஆறு மாதம் கழித்து அதே தொழிலில் இருப்பவர்கள் என ஆறு எண்கள். ஒரு படிப்பு எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பதை இந்த வரியே காட்டிவிடும். ஆறாவது வாரத்துக்குள் ஆட்கள் காணாமல் போனால், சேர்க்கையின்போது படிப்பைப் பற்றிச் சரியாகச் சொல்லவில்லை, அல்லது பயண நேரம் ஒத்துவரவில்லை என்று அர்த்தம். கடைசிப் பருவத்தில் விலகினால் பெரும்பாலும் பணக் கஷ்டம், இல்லையென்றால் பாதியிலேயே வேலை கிடைத்திருக்கும். சான்றிதழும் வாங்கிவிட்டு வேறு தொழிலுக்குப் போகிறார்கள் என்றால் பாடத்திட்டத்தையோ அந்தத் தொழிலின் கூலியையோதான் பார்க்க வேண்டும். 'மாணவர் தக்கவைப்பை மேம்படுத்துவோம்' என்ற உங்கள் ஏழாவது இலக்கு இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கப் பார்க்கிறது.

ஒரு கணக்குப் பிழை உங்கள் வரைவிலும் இருக்கிறது. இரண்டாண்டுப் படிப்பொன்றில் இந்த ஆண்டு 24 பேர் சேர்ந்தார்கள், 22 பேர் முடித்தார்கள், ஆக 92 சதவீதம் என்று போட்டிருக்கிறீர்கள். இந்த ஆண்டு முடித்த 22 பேரும் முந்தைய சேர்க்கையைச் சேர்ந்தவர்கள். அப்போது சேர்ந்தது 40 பேர் என்று உங்கள் பட்டியலே சொல்கிறது. சரியான விகிதம் 55 சதவீதம். சேர்க்கை சரியச் சரிய இந்தத் தப்பான விகிதம் ஏறிக்கொண்டே போகும். கோளாறு உள்ள படிப்புதான் பட்டியலின் உச்சியில் வந்து நிற்கும். எப்போதும் ஒரே பேட்ச்சை அது சேர்ந்த நாள் முதல் பின்தொடர்ந்து கணக்கிடுங்கள்.

அடுத்தது, நட்டமில்லாமல் ஒரு பேட்ச் நடத்தக் குறைந்தபட்சம் எத்தனை பேர் வேண்டும் என்பது. உங்கள் கணக்காளர் 11 என்று சொல்லியிருக்கிறார். பயிற்றுநர் சம்பளம், இடம், பராமரிப்பு ஆகிய நிலையான செலவு 11 மாணவருக்கான வருமானத்துக்குச் சமம் என்பதால் அந்த எண். ஆனால் ஒவ்வொரு மாணவரும் வெல்டிங் கம்பி, உலோகத் தகடு, தேர்வுக் கட்டணம் என்று தன் வருமானத்தில் 20 சதவீதத்தைத் தின்றுவிடுகிறார். மீதி 80 சதவீதத்தைக் கொண்டுதான் நிலையான செலவை அடைக்க வேண்டும், 11-ஐ 0.8-ஆல் வகுத்தால் 14 பேர். நிதி தருபவர் ஒரு மாணவருக்கான தொகையில் 20 சதவீதத்தைப் படிப்பு முடிந்த பிறகே தருகிறார், முடிப்பவர்கள் நான்கில் மூன்று பேர் என்றால், அங்கே இன்னொரு 5 சதவீதம் போகும். இப்போது எண் 15. கணக்காளர் 11 என்று நினைத்துத் தொடங்கிய 12 பேர் பேட்ச்கள் எல்லாம் கையைக் கடித்துக்கொண்டிருக்கின்றன.

இதற்காக 15-க்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் மூடச் சொல்லவில்லை. வட்டாரத்தில் வேறு யாரும் நடத்தாத, ஆனால் அவசியமான படிப்பை நட்டத்திலும் நடத்தலாம். அந்த நட்டம் எவ்வளவு, எந்தப் படிப்பின் உபரி அதை ஈடுகட்டுகிறது என்பதைத் திட்டத்தில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சிக்கூடங்களின் பயன்பாட்டையும் அளந்துவிடுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் திறந்திருக்கும் வெல்டிங் கூடத்தில் 24 மணி நேரம் வகுப்பு நடக்கிறது: 60 சதவீதம். அந்த நேரத்திலும் 20 பூத்களில் 11-ல்தான் ஆள் நிற்கிறார்: 55 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 33. அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்குக் கூடம் பாதிக்கு மேல் பயன்படுவதாகத் தோன்றும். உண்மையில் மூன்றில் இரண்டு பங்கு சும்மா கிடக்கிறது. இதைப் பார்க்காமல் மூன்றாவது வளாகத்தில் புதிய கூடம் கேட்டால் அந்தக் கோரிக்கை திரும்பி வந்துவிடும்.

'ஆள் தேவை' என்ற பதிலின் எடை

31 பதில்களில் 27 சாதகம் என்பதை 87 சதவீதத் தேவை என்று எழுதாதீர்கள். பதில் போடாத 149 நிறுவனங்களைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரியாது. பொதுவாகத் தேவை உள்ளவர்களே பதில் போட முன்வருவார்கள். கேள்வியிலும் சிக்கல் இருக்கிறது. திறமையான ஆள் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று எந்த முதலாளி சொல்லப்போகிறார்?

கேள்வித்தாளை விட்டுவிட்டு, 15 அல்லது 20 நிறுவனங்களுக்கு நேரில் போய் நடந்ததைக் கேளுங்கள். கடந்த 24 மாதங்களில் இந்த வேலைக்கு எத்தனை பேரை எடுத்தீர்கள்? எங்கிருந்து வந்தார்கள்? எத்தனை பேர் விட்டுப் போனார்கள்? தொடக்கச் சம்பளம் என்ன? கடைசியாக ஒன்று: எங்கள் மாணவர் இருவருக்கு ஆறு வாரம் களப்பயிற்சி இடம் தருவீர்களா? முதல் நான்குக்கும் தாராளமாகப் பேசியவர் ஐந்தாவதில் இழுத்தடித்தால், அவருடைய தேவையை உங்கள் கணக்கில் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தேவையை எண்ணாக்க வேண்டும். மாணவர்கள் தினமும் போய்வரக்கூடிய தூரத்துக்குள் 600 வெல்டர்கள் வேலை பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஓய்வு பெறுவோரும் தொழிலை விடுவோரும் ஆண்டுக்கு 4 சதவீதம் என்றால் 24 இடம் காலியாகும். தொழில் 1 சதவீதம் வளர்ந்தால் 6. மொத்தம் 30. பெரும்பாலான தொழில்களில் இதே கதைதான்: வளர்ச்சியால் வரும் இடங்களைவிட, ஆட்கள் போவதால் வரும் இடங்களே அதிகம். இந்த 30-ல் 12 பேரை மற்ற பயிற்சி நிறுவனங்கள் தருகின்றன, 8 இடத்துக்கு அனுபவசாலிகளை வெளியிலிருந்து எடுக்கிறார்கள் என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 10. உங்கள் 20 பேர் பேட்ச்சில் 14 பேர் முடித்து, அவர்களில் 10 பேர் வெல்டராகப் போகிறார்கள். ஆக, ஒரு பேட்ச் கச்சிதம். இரண்டாவது பேட்ச் தொடங்கினால் அந்தப் பத்துப் பேர் வேலையில்லாமல் நிற்பார்கள், அடுத்த ஆண்டுச் சேர்க்கையையும் அந்தச் செய்தியே கெடுக்கும். சதவீதங்கள் தோராயமாக இருந்தாலும் பரவாயில்லை. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள், ஆண்டுதோறும் திருத்துங்கள்.

வட்டாரத்துக்கென்று ஏற்கெனவே திறன் திட்டம் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கிலாந்தில் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட திட்டத்தை முதலாளிகள் அமைப்பு ஒன்று தயாரிக்கத் தொடங்கியது. பயிற்சி நிறுவனங்கள் அதைக் கருத்தில் கொண்டாக வேண்டும். உங்கள் நாட்டிலும் அதுபோல் ஓர் ஆவணம் இருந்து, அதை நீங்கள் குறிப்பிடாமல் விட்டால், மதிப்பீட்டாளருக்கு அது பெரிய ஓட்டையாகத் தெரியும்.

85 சதவீதத்தை முதல் பக்கத்தில் போடலாமா?

வேண்டாம். கடந்த ஆண்டு முடித்தவர்கள் 600 பேர். தொலைபேசியில் கிடைத்தவர்கள் 240. அவர்களில் வேலையில் இருப்பவர்கள் 204. நீங்கள் 204-ஐ 240-ஆல் வகுத்து 85 என்கிறீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது, முடித்தவர்களில் 34 சதவீதம் பேர் வேலையில் இருப்பதைச் சரிபார்த்தோம் என்பது மட்டுமே. உண்மை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். போதாக்குறைக்கு, அந்த 204 பேரில் கடையில் பில் போடுபவரும் இருக்கிறார், ஃபிட்டராக இருப்பவரும் இருக்கிறார்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. பதில் கிடைக்காத 360 பேரில் 40 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, மாலையிலும் விடுமுறை நாளிலும் மாறி மாறி அழையுங்கள். நண்பர், குடும்பத்தினர் வழியாகவும் முயலுங்கள். 40 பேரில் 30 பேர் கிடைத்தால்கூட, கிடைக்காதவர்களின் நிலை முதல் 240 பேரைவிட எவ்வளவு மோசம் என்று ஓரளவு பிடிபடும். இனி சேரும் பேட்ச்களுக்கு, படிப்பு முடியும் நாளிலேயே இரண்டு தொடர்பு எண்களும், ஆறு மாதம் கழித்து அழைக்க எழுத்துபூர்வ ஒப்புதலும் வாங்கிவிடுங்கள். தனிநபர் தரவுச் சட்டம் உள்ள இடங்களில் அந்த ஒப்புதல் இல்லாமல் அழைப்பதே சிக்கலாகலாம்.

இதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. 85 சதவீதம் என்று விளம்பரத்தில் பார்த்துச் சேர்ந்த மாணவர், அது தவறான வாக்குறுதி என்று நுகர்வோர் சட்டத்தின்படி கேள்வி எழுப்பலாம். நிதி ஒப்பந்தத்தில் அதே எண்ணைக் காட்டிப் பணம் வாங்கியிருந்தால், தணிக்கையில் அந்தப் பணத்தைத் திருப்பக் கேட்பார்கள். எத்தனை பேரிடம் கேட்டோம், எத்தனை பேர் பதில் சொன்னார்கள், தொடர்புடைய வேலை எத்தனை, மற்ற வேலை எத்தனை என்று நான்கையும் பிரித்துப் போடுங்கள். எண் சிறியதாக இருக்கும், ஆனால் தணிக்கையில் நிற்கும்.

இரண்டு படிப்புகளை மூடுவது

உடனே மூட முடியாது, மூடவும் கூடாது. சேர்ந்துவிட்ட மாணவருக்கும் உங்களுக்கும் இடையே சேர்க்கைக் கையேடும் கட்டண ரசீதும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் ஆகிவிட்டன. பல நாடுகள் இதைச் சட்டமாகவே வைத்திருக்கின்றன. அயர்லாந்தின் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், கட்டணப் படிப்பு இடையில் நின்றுபோனால் மாணவரை வேறிடத்தில் சேர்க்கவோ கட்டணத்தைத் திருப்பித் தரவோ முன்கூட்டியே ஏற்பாடு இருக்க வேண்டும் என்று விதித்தது. ஆஸ்திரேலியாவில் கட்டணப் பாதுகாப்புக்கென்றே தனி அமைப்பு உண்டு. உங்கள் நாட்டு விதி என்ன என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நடைமுறை இதுதான்: முதலில் புதுச் சேர்க்கையை நிறுத்துங்கள். சான்றிதழ் வழங்கும் அமைப்புக்குத் தெரிவியுங்கள். இருக்கும் மாணவர்கள் முடிக்கும்வரை நடத்துங்கள். தோற்றவர்களுக்கு மறுதேர்வு வாய்ப்பு எப்போதுவரை என்று தேதி குறித்து ஒவ்வொருவருக்கும் கடிதம் கொடுங்கள். மதிப்பெண் பதிவுகள் படிப்பு போன பிறகும் கிடைக்கும்படி பாதுகாத்து வையுங்கள்.

உங்கள் வரவு செலவில் முதலாண்டிலேயே முழுச் சேமிப்பைக் காட்டியிருப்பது தவறு. இரண்டாண்டுப் படிப்பின் சேர்க்கையை நிறுத்தினால், முதல் ஆண்டில் இரண்டாம் ஆண்டு வகுப்பு அப்படியே நடக்கும். அதே பயிற்றுநர், அதே கூடம், பாதி வருமானம். மறுதேர்வையும் சேர்த்தால் செலவு உண்மையில் நிற்க மூன்றாம் ஆண்டாகிவிடும். படிப்பு மூடப்போகிறது என்று தெரிந்ததும் நல்ல பயிற்றுநர்தான் முதலில் வேறு வேலை தேடுவார் என்பதையும் மறக்காதீர்கள். கடைசிப் பேட்ச்சை முடித்துக்கொடுப்பவருக்குத் தக்கவைப்புத் தொகையோ, அடுத்து எந்தப் படிப்புக்கு மாறுகிறார் என்ற எழுத்துபூர்வ உறுதியோ தராவிட்டால், கடைசிப் பருவத்தில் பகுதிநேர ஆளுக்கு அலைவீர்கள்.

ரோபாட்டிக்ஸ்

இயந்திரத்தின் விலையை மட்டும் வைத்து நிர்வாகக் குழு பேசிக்கொண்டிருக்கிறது. வாங்கும் செலவு ஒருமுறைதான். மென்பொருள் உரிமம், பராமரிப்பு ஒப்பந்தம், உதிரி பாகங்கள், அதையெல்லாம் கற்றுத்தரத் தெரிந்த பயிற்றுநர் ஆகியவை ஆண்டுதோறும் வரும் செலவு. அப்படிப்பட்ட பயிற்றுநருக்குத் தொழிற்சாலை உங்களைவிட அதிகச் சம்பளம் தரும். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் திட்டம் முறியும்.

உங்கள் மின்பணி, இயந்திரப் பராமரிப்புப் படிப்புகளுக்குள் ஒரு பருவப் பகுதியாக இதைத் தொடங்கச் சொல்வேன். அதில் என்ன கற்றுத்தர வேண்டும் என்பதைத் தீர்மானிக்க, 1960-களின் பிற்பகுதியில் கனடாவில் உருவான டாகம் முறை கைகொடுக்கும். அந்த வேலையைத் தினமும் செய்யும் 5 முதல் 12 தொழிலாளர்களை இரண்டு நாள் உட்காரவைத்து, அவர்கள் செய்யும் பணிகளை ஒவ்வொன்றாகச் சுவரில் ஒட்டி ஒழுங்குபடுத்துவது அது. மனிதவள மேலாளர்களை அழைக்காதீர்கள். அவர்களிடமிருந்து 'நல்ல அணுகுமுறை வேண்டும்' என்றுதான் கிடைக்கும். சென்சார் பழுதைக் கண்டுபிடிப்பது அன்றாட வேலை, ரோபோவுக்கு நிரல் எழுதுவது வருடத்துக்கு ஒருமுறை என்று அந்தச் சுவர் சொன்னால், பெரிய இயந்திரம் வாங்கும் தேவையே இல்லாமல் போகலாம்.

இணைப்பு

சிறியவை சேர்ந்தால் செலவு குறையும் என்று எடுத்த எடுப்பிலேயே நம்பிவிடாதீர்கள். அயர்லாந்தில் 2013-ல் 33 தொழிற்கல்விக் குழுக்கள் 16 வாரியங்களாயின. தென்னாப்பிரிக்காவில் 2000-களின் தொடக்கத்தில் 152 தொழில்நுட்பக் கல்லூரிகள் 50 ஆயின. இவை அரசு முடிவெடுத்து நடத்தியவை. இங்கிலாந்தில் 2015 முதல் 2017 வரை நடந்த கல்லூரிகளின் வட்டார மறுஆய்வுகளின் பரிந்துரைகளைச் செயல்படுத்த, மறுசீரமைப்புக்கென்றே அரசு தனி நிதி வசதி வைக்க வேண்டியிருந்தது. செலவு முதலில் வருகிறது, சேமிப்பு மெதுவாக வருகிறது. இரு நிறுவனச் சம்பளங்களையும் சமப்படுத்தும்போது பொதுவாக உயர்ந்ததை நோக்கித்தான் போகும். இரண்டு மாணவர் பதிவு மென்பொருள்களை ஒன்றாக்குவது தனித் தலைவலி.

பக்கத்து நிறுவனத்தோடு முதலில் ஓராண்டு ஒப்பந்தம் போடுங்கள். வெல்டிங் அவர்களிடம், மின்பணி உங்களிடம் என்று பிரிப்பது, பயிற்றுநரைப் பகிர்வது, கூட்டாகக் கொள்முதல் செய்வது போன்றவற்றுக்கு இணைப்பு தேவையில்லை. அதற்குப் பிறகும் பேச்சு நீடித்தால் அவர்களிடம் நான்கு காகிதங்கள் கேளுங்கள்: ஓய்வூதியப் பொறுப்பு, நிதி தருபவர் திருப்பிக் கேட்டிருக்கும் தொகைகள், கட்டடப் பழுது மதிப்பீடு, கருவிக் குத்தகைகள். இவற்றைத் தரத் தயங்கினால் அதுவே பதில்.

யார் எழுதுவது, எப்போது சொல்வது

ஆலோசகரை வையுங்கள், எழுத வைக்காதீர்கள். தரவைச் சரிபார்க்கவும், நிர்வாகக் குழுவில் கசப்பான விவாதத்தை நடுநிலையாக நடத்தவும் வெளியாள் உதவுவார். திட்டத்தை அவரே எழுதினால், வேறெங்கோ பயன்பட்ட பக்கங்களில் உங்கள் பெயர் ஏறி வரும் அபாயம் உண்டு. நிதி தருபவர் கேட்கும் முதல் கேள்விக்கே உங்களால் பதில் சொல்ல முடியாது.

16 வாரங்களை இப்படிப் பிரிக்கலாம். முதல் நான்கு வாரம் உள்கணக்கு. அடுத்த நான்கு வாரம் நிறுவனங்களுக்கு நேரில் போவது. 9 முதல் 11 வரை முடிவெடுப்பது: எதை நிறுத்துவது, எதை மாற்றுவது, எதைத் தொடங்குவது. 12, 13 வாரங்கள் பயிற்றுநர்களோடு வரைவு விவாதம். எழுத்து வேலைக்கு இரண்டு வாரம் தாராளம். கடைசி வாரம் நிர்வாகக் குழுவின் ஒப்புதல். இலக்குகளை ஆறுக்குள் அடக்குங்கள்.

பயிற்றுநர்களிடம் பேச 12-ஆம் வாரம்வரை காத்திருக்காதீர்கள். முதல் வாரமே கூட்டி, எந்தெந்த எண்களைப் பார்க்கப்போகிறோம், எப்போது முடிவு தெரியும், வேலை மாற்றம் வந்தால் கலந்தாலோசிக்கும் நடைமுறை என்ன என்று சொல்லிவிடுங்கள். பதிவேட்டில் உள்ள பிழைகள் அவர்களுக்குத்தான் தெரியும். தொழிற்சங்கம் இருந்தால் அதன் பிரதிநிதியும் அந்தக் கூட்டத்தில் இருக்கட்டும். பணியாளர்களைப் பாதிக்கும் முடிவை முன்னறிவிப்பின்றி எடுத்தால், தொழிலாளர் சட்டத்தின்படி முடிவே செல்லாமல் போகும் நாடுகள் உண்டு.

ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு நிபந்தனையை இப்போதே எழுதி ஒப்புதல் வாங்குங்கள்: வகுப்பு தொடங்க ஆறு வாரம் இருக்கும்போது உறுதியான சேர்க்கை 15-க்குக் கீழே இருந்தால் அந்த பேட்ச் தொடங்காது, விண்ணப்பித்தவர்களை நெருங்கிய படிப்புக்கு மாற்றுவோம் என்பதுபோல. அன்றைக்கு வந்து யோசித்தால் தயவு தாட்சண்யம் குறுக்கே நிற்கும். நட்டத்தில் நடத்த முடிவெடுத்த படிப்புக்கு நிபந்தனையின் எண் வேறாக இருக்கலாம். அதையும் எழுதியே வையுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. நிதி தரும் அமைப்புக்குக் கடிதம் எழுதி, திட்டத்துக்கான படிவம் இருக்கிறதா, நான்கு ஆண்டுகளுக்கு நடுவில் இலக்கை மாற்ற விதி என்ன, இலக்கைத் தவறவிட்டால் தொகை பிடிப்பார்களா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பிடிப்பார்கள் என்று பதில் வந்தால், படிப்பை முடிப்போர் விகிதமாக மேலே சொன்ன 55 சதவீதத்தை அடுத்த ஆண்டே 90 ஆக்குவோம் என்று எழுதும் துணிச்சல் நிர்வாகக் குழுவில் யாருக்கும் வராது. 62 அல்லது 65 என்று எழுதுங்கள். எந்தப் பருவத்தில், யார், என்ன செய்து அதை எட்டப்போகிறார்கள் என்பதைப் பக்கத்திலேயே குறியுங்கள்.